பெரியப்பா என்னும் தரவு

சின்ன அப்பத்தாவுக்குத் தன் பிறந்த வருடம் தெரியாது. கேட்டால், "புயலடிச்சப்ப உங்க அத்தை கைப்பிள்ளை. நீயே கணக்குப் போட்டுக்க" என்பார். ராமநாதபுரம் பக்கம் புயல் என்றால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல்தான். அப்பத்தா போனபிறகு எங்கள் குடும்பத்தின் பழைய கதைகள் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். இப்போது அவருக்கும் பெயர்கள் நழுவ ஆரம்பித்துவிட்டன. அவர் சொல்வதையெல்லாம் எதில் ஏற்றிவைப்பது என்று தேடியபோதுதான் குடும்ப வரலாற்று மென்பொருள்களுக்குள் நுழைந்தேன்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு கோப்பு வடிவம் உண்டு: ஜெட்காம். அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984ல் உருவாக்கியது. அண்மைய பெரிய பதிப்பான 7.0 வந்தது 2021ல். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் குடும்பத்தை எடுத்துப்போக இதுதான் வண்டி. வண்டி முக்கியம். 'தி மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட்' 2014ல் நிறுத்தப்பட்டது. 'ஃபேமிலி ட்ரீ மேக்கர்' விற்பனையை நிறுத்தப்போவதாக 2015ல் அறிவிப்பு வந்து, மறுவருடம் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. மென்பொருளின் ஆயுள் அப்பத்தாக்களின் ஆயுளைவிடக் குறைவு. ஆகவே என் முதல் கேள்வி "உள்ளே போட்டதை வெளியே எடுக்கமுடியுமா?" என்பதுதான்.

இரண்டாவது கேள்வி பெயர். ஜெட்காமில் குடும்பப்பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் எழுதவேண்டும். நமக்கு அங்கே எழுத என்ன இருக்கிறது? அப்பா பெயரைப் போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை 'குடும்பப்பெயர்' மாறும், கல்யாணமான பெண்களுக்கு நடுவழியிலும் மாறும். காலியாக விட்டால், குடும்பப்பெயர்ப் பட்டியலில் மொத்தச் சனமும் ஒரே வெற்றுவரியின் கீழ் வந்து குவியும்.

மூன்றாவது, உறவுமுறை. அத்தை மகனும் பெரியப்பா மகனும் ஆங்கிலத்துக்கு ஒரே 'கசின்'. நமக்கோ ஒருவர் கட்டிக்கொள்ளும் முறை, மற்றவர் அண்ணன். லூயிஸ் ஹென்றி மார்கன் 1871ல் வெளியிட்ட உறவுமுறை நூலிலேயே தமிழ் முறை பதிவாகியிருக்கிறது. ஒரு புரோகிராமராகப் பார்த்தால் இதன் அடிப்படை விதி மிகச் சின்னது. அப்பாவின் சகோதரன் அப்பா வரிசை, அம்மாவின் சகோதரி அம்மா வரிசை. பால் மாறினால் அத்தை, மாமா. சில வரிகளில் எழுதிவிடலாம். கடினம் என்பதால் விடுபட்டதல்ல, கேட்க ஆளில்லாமல் விடுபட்டது.

விதியின் இன்னொரு பாதி வயது வரிசை. பெரியப்பா, சித்தப்பா. சின்ன அப்பத்தாவுக்கு யாருடைய பிறந்த தேதியும் தெரியாது. ஆனால் யாருக்கு யார் மூத்தவர் என்பதில் ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. அந்த வரிசை கூப்பிடும் சொல்லிலேயே பதிந்திருக்கிறது.

பார்த்தவற்றில் ஃபேமிலிசர்ச் இலவசம். ஆனால் அது உலகத்துக்கே ஒற்றை மரம். இறந்தவரின் பக்கத்தை எவரும் திருத்தலாம். ரூட்ஸ்மேஜிக் நம் கணினியிலேயே, எஸ்கியூலைட் கோப்பில் சேமிக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது நிம்மதி. வெப்ட்ரீஸ் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்வது, பல ஊர்களில் இருக்கும் சொந்தங்கள் சேர்ந்து எழுத நல்லது. கடைசியில் நான் தங்கியது கிராம்ப்ஸில். 2001ல் தொடங்கிய திறந்தமூல மென்பொருள், பைத்தானில் எழுதப்பட்டது. குடும்பப்பெயரின் தோற்றம் 'தந்தைவழி' என்று குறிக்க அதில் இடமுண்டு. தேதியில் 'முன்', 'பின்', 'சுமார்' போடலாம், வெறும் சொற்களாகவும் எழுதலாம். "புயலுக்கு முன்" என்பது அங்கே செல்லுபடியாகும் தேதி.

குறையும் உண்டு. ஒரு கல்யாணத்தைப் பதிய நிகழ்வு, இடம், ஆதாரம், மேற்கோள் என்று சன்னல் சன்னலாகத் திறக்கிறது. எங்கள் அத்தையிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் மூடிவைத்துவிடுவார்.

ஆனால் என் தேர்வை முடிவு செய்தது இதெல்லாம் இல்லை. ஒரு மத்தியானம் சின்ன அப்பத்தா, தாத்தாவுக்கு வேறு ஊரில் இன்னொரு வீடு இருந்ததைச் சொன்னார். அந்த அம்மாவின் பெயரைச் சொன்னார். ஒரு மகன் இருந்ததையும். உடனே, "அதையெல்லாம் எழுதாதப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்:

"அவரு எனக்கு என்ன முறை அப்பத்தா?"

"உங்கப்பனுக்கு மூத்தவன்ல. பெரியப்பாதான்."

ஆங்கிலத்தில் அந்த உறவின் முன்னால் ஓர் 'அரை' ஒட்டிக்கொள்ளும். அவர் சொன்ன சொல்லில் அரையும் இல்லை, இன்னொரு வீடும் இல்லை.

அன்றிரவு பதிய உட்கார்ந்தேன். இங்கே ஒரு நுட்பச் சிக்கல். பிள்ளைகளின் வரிசையை ஒரே குடும்பப் பதிவுக்குள்தான் வைக்கமுடியும். இரண்டு தாய்மார் என்றால் இரண்டு குடும்பப் பதிவுகள். அவற்றுக்கு இடையே மூத்தவர் இளையவர் என்று சொல்ல வழியில்லை. தேதி ஒன்றுதான் பாலம். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் 1958. அவர் பிறப்புக்கு நேராக 'முன், 1958' என்று இட்டேன்.

கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவின் மேலும் ஒரு பூட்டுப் படம் இருக்கிறது. உண்மையில் அது பூட்டல்ல. என் கணினியைத் திறப்பவர் யாரும் படிக்கலாம். கோப்பை வெளியே அனுப்பும்போது இதை விட்டுவிடலாம் என்கிற அடையாளம், அவ்வளவுதான். எழுதாதே என்றவரின் பேச்சை நான் மீறியிருக்கிறேன், பாதியளவுக்குக் காப்பாற்றியும் இருக்கிறேன். பொதுமரத்தில் ஏற்றியிருந்தால் அந்தப் பாதியும் மிஞ்சியிருக்காது.

யாராவது எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் இனி வசதிப் பட்டியலை நீட்டப்போவதில்லை. உங்கள் வீட்டில் சொல்லக்கூடாத ஒன்றை அதில் எப்படி வைப்பீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். என் மகள் வளர்ந்து கேட்கும்போது பூட்டை எடுப்பதா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் எடுத்தால், அங்கே அவளுக்கு ஒரு பெரிய தாத்தா இருப்பார்.