சோலார் மானியம்: விளக்குக்கா, நெய்க்கா?

குடுமியான்மலையில் ஒரு சின்ன மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ். இரண்டு மாசத்துக்கு 200 யூனிட். முதல் 100 இலவசம். மீதிக்கு 2024 ஜூலைக் கட்டணப்படி 235 ரூபாய். வருஷத்துக்கு 1,410.

2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் தருகிறது. அதன் விலை, அரசு கணக்கில் 50,000. கைக்காசு 20,000. பில் பூஜ்யமே ஆனாலும் போட்டதை எடுக்க 14 வருஷம். யார் போடுவார்? ஏசி ஓடும் பெரிய வீட்டுக்காரர் போடுவார். அவருக்குத்தான் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியமும் போகிறது.

'மானியத்தால்தான் ஐரோப்பா ஜெயித்தது' என்பவர்கள் அங்கே எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்று பார்ப்பதில்லை. ஜெர்மனியின் 2000-ஆம் வருஷச் சட்டம், கூரையில் உற்பத்தியாகி கிரிட்டுக்கு வந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை வைத்தது. ஆரம்பத்தில் 99 பெனிக், 20 வருஷத்துக்கு உறுதி. அடுத்தடுத்து சேர்பவர்களுக்கு வருஷம் 5 சதவீதம் குறைவு. பேனல் தூசி படிந்து கிடந்தால் வருமானமும் படுத்துவிடும். ஆகவே துடைத்தார்கள்.

அதிலும் கோளாறு இருந்தது. செலவு எல்லார் மின்கட்டணத்திலும் ஏறியது, ஏழை வீடு உட்பட; 2022-இல்தான் அந்தச் சுமையை எடுத்தார்கள். ஸ்பெயின் இன்னும் மோசம். தாராளமாக விலை அறிவித்து, 2008-இல் ஒரே வருஷத்தில் 2,500 மெகாவாட்டுக்கு மேல் குவிந்ததும் பயந்துபோய், பிறகு ஏற்கெனவே போட்டவர்களின் வருமானத்திலேயே கை வைத்தது. வாக்கு தவறினால் திட்டமே படுத்துவிடும்.

'முதலில் போட ஏழையிடம் பணம் ஏது?' நியாயமான கேள்வி. ஜெர்மனி அதற்கு அரசு வங்கி வழியாகக் குறைந்த வட்டிக் கடன் கொடுத்தது. நம் சின்ன வீட்டுக்கும் அதுதான் வழி. ஒரு பேச்சுக்கு யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால், 1 கிலோவாட் வருஷத்துக்குத் தரும் சுமார் 1,400 யூனிட்டுக்கு 7,000 ரூபாய். மானியமே இல்லாமல் முழு 50,000-உம் கடன் என்றாலும், வட்டி நீங்கலாக ஏழெட்டு வருஷத்தில் அடைந்துவிடும். 100 யூனிட் இலவசத்தையும் தொட வேண்டாம்.

இது நமக்குப் புதுசும் இல்லை. சோழர் காலத்தில் நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடு கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது தினம் ஓர் உழக்கு நெய். விளக்கு எரிகிறதா என்பதுதான் கணக்கு. நம் திட்டமோ விளக்கை மாட்டியதும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது.