பெருமைப் பட்டியலும் இலக்கிய வரலாறும்

பங்கு ஆலய விழா மலர்களைப் புரட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கட்டுரை ஏறக்குறைய மனப்பாடமாகவே ஆகியிருக்கும். 'தமிழுக்குக் கிறித்தவர் ஆற்றிய தொண்டு' என்பது அதன் தலைப்பு. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அதில் முதலிடம் பெறும். அடுத்து வீரமாமுனிவர் வருவார். அவருடைய 'தேம்பாவணி', 'சதுரகராதி', எழுத்துச் சீர்திருத்தம், பரமார்த்த குரு கதை ஆகியன வரிசையாக எண்ணப்படும். பின்னர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையும், 1879-இல் வெளிவந்து தமிழின் முதல் நாவல் எனப் பெயர்பெற்ற 'பிரதாப முதலியார் சரித்திரமும்' இடம்பெறும். அத்துடன் கட்டுரை நிறைவுபெற்றுவிடும்.

இக்கட்டுரையில் சொல்லப்படுவன யாவும் உண்மையே. கிறித்தவரல்லாத மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களே 1936-இல் 'கிறித்தவமும் தமிழும்' என்னும் நூலை எழுதி, இத்தொண்டினை நேர்மையோடு பதிவு செய்தார். ஆயினும் நமக்குள் ஒரு வினா எழுகிறது. இது இலக்கிய வரலாறா? அல்லது பெருமைப் பட்டியலா? பட்டியலுக்குப் பெயர்கள் போதும். வரலாற்றுக்கு அவை போதமாட்டா. எக்குரல் எப்போது ஒலித்தது, ஏன் ஒலித்தது, எக்குரலுக்கு நாம் செவிசாய்க்க மறுத்தோம் என்பனவும் அதற்கு வேண்டும். 1879-க்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதற்குப் பிறகு தமிழ்க் கத்தோலிக்கர் எழுதவே இல்லையா? எழுதினார்கள். நம் பட்டியல்தான் நின்றுவிட்டது.

தாயில்பட்டியிலிருந்து இதனை எழுதுகின்ற நமக்கு இவ்வினா வெறும் ஆராய்ச்சி வினா அன்று. விடியுமுன்னே ஃபயர் ஆபீஸ் வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்களும், பெட்டி ஒட்டியும் கட்டை அடுக்கியும் வளர்ந்த மூத்த தலைமுறையினரும் வாழும் பகுதி இது. இம்மக்களின் வாழ்வு நம் இலக்கிய வரலாற்றின் எக்காலகட்டத்தில் வருகிறது என்று ஓர் இளைஞர் கேட்டால், நாம் எதனைக் காட்டுவோம்?

அமெரிக்கா தரும் பாடம்

நம் வினாவைத் தெளிவாக்கிக்கொள்ள, வேறொரு நாட்டின் இலக்கிய வரலாறு எவ்வாறு எழுதப்பட்டது, பின்னர் எவ்வாறு திருத்தி எழுதப்பட்டது என்பதைச் சற்றே காண்போம்.

அமெரிக்க இலக்கியத்தைக் கல்லூரிகளில் சில காலகட்டங்களாகப் பகுத்துக் கற்பிப்பது வழக்கம். பியூரிட்டன்கள் குடியேறிய காலம் முதலாவது. விடுதலைப் போரின் காலம் அடுத்தது. புலன்களுக்கு அப்பாலும் உண்மையைத் தேடிய எமர்சன், தோரோ ஆகியோரின் இயக்கம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்கு உரியது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் மார்க் ட்வைன் முதலியோரின் நடப்பியல் மேலோங்கியது. வறுமையும் சூழலும் மனிதனை ஆட்டிப்படைப்பதைக் காட்டிய இயற்பண்பியலும், முதல் உலகப் போரை ஒட்டிய நவீனத்துவமும் அதனைத் தொடர்ந்தன.

இப்பகுப்பு பார்வைக்கு ஒழுங்கானது. ஆனால் 1941-இல் மத்தியசன் என்னும் திறனாய்வாளர் 'அமெரிக்க மறுமலர்ச்சி' என்று பெயரிட்டு ஒரு பெருநூல் எழுதியபோது, அந்த மறுமலர்ச்சிக்கு உரியவராக அவர் எடுத்துக்கொண்டவர் ஐவர்: எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன். அனைவரும் வெள்ளையர், அனைவரும் ஆடவர். அதே காலத்தில், 1845-இல், அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ் தம் வாழ்க்கையை எழுதி வெளியிட்டிருந்தார். 1861-இல் ஹேரியட் ஜேக்கப்ஸ் என்னும் பெண் தம் அடிமை வாழ்வைப் புனைபெயரில் எழுதினார். அது ஒரு வெள்ளைப் பெண்மணி புனைந்த கதை என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அதனை எழுதியவர் ஜேக்கப்ஸே என்பது 1980-களில்தான் சான்றுகளோடு நிறுவப்பட்டது. 1937-இல் சிறந்த நாவல் ஒன்றை அளித்த ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1960-இல் வறுமையில் இறந்து, பெயர்க்கல் இல்லாத கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அக்கல்லறையைத் தேடிச் சென்று கல் நாட்டினார். அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1993-இல், டோனி மாரிசன் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இளமையிலேயே கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் அவர்.

இதனால் நாம் அறிவது யாது? இலக்கியக் காலகட்டம் என்பது வைப்பாற்றின் கரையைப்போல் இயற்கை வகுத்த எல்லை அன்று. வாசிப்பவர்கள் போட்டுக்கொண்ட வேலி அது. புதிய குரல் ஒன்று எழும்பும்போது வரலாற்றின் இறுதியில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. வரலாறு முழுவதையும் முதலிலிருந்து மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. டக்ளஸின் நூலுக்கு இடமளித்த பிறகு, அமெரிக்க மறுமலர்ச்சி என்னும் சொல்லின் பொருளே மாறிவிட்டது.

கரிசல் இலக்கியத்தின் வருகை

நம் மண்ணுக்கு வருவோம். தற்காலத் தமிழிலக்கியத்தையும் இயக்கங்களாகப் பகுத்துக் காண்பது வழக்கம். 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி', 1959-இல் தொடங்கிய 'எழுத்து', பின்னர் வானம்பாடிகள், முற்போக்கு எழுத்தாளர்கள் என அவ்வரிசை செல்லும். இவற்றிடையே வானம் பார்த்த பூமி ஒன்று தன் பேச்சுமொழியோடு இலக்கியத்துக்குள் நுழைந்தது. கோவில்பட்டி அருகே இடைசெவல் என்னும் ஒரே சிற்றூரில், 1923 என்னும் ஒரே ஆண்டில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அதற்கு வாயில் திறந்தனர். கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று ஓர் அகராதியையே தொகுத்தார். பூமணியின் 'பிறகு', 'வெக்கை' ஆகிய நாவல்களும், நம் மாவட்டத்து மேலாண்மைப் பொன்னுச்சாமியின் சிறுகதைகளும் அவ்வழியில் வந்தவை.

கரிசல் இலக்கியம் உழவரின் வியர்வையை எழுதியது. மழை பொய்த்த வானத்தை எழுதியது. அதே மழையின்மைதான் சிவகாசி வட்டாரத்து மக்களைத் தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் அனுப்பிற்று. எனினும் புஞ்சைக் காட்டுக்குக் கிடைத்த இடம் மருந்து அறைக்கு அவ்விலக்கியத்தில் கிடைக்கவில்லை. பூமணி தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய சிறாரைப் பற்றிக் 'கருவேலம் பூக்கள்' என்னும் திரைப்படத்தை இயக்கினார். அத்தகைய முயற்சிகள் அரியனவாகவே இருந்தன.

'கருக்கு' எழுப்பும் வினா

இந்நிலையில்தான் 1992-இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. விருதுநகர் மாவட்டம் புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகப் பணியாற்றி, துறவற சபை ஒன்றில் சேர்ந்து, பின்னர் அதிலிருந்து வெளியேறிய ஒரு பெண்ணின் தன்வரலாறு அது. இயேசு சபையினரின் சமூக ஆய்வு மையம் ஒன்று மதுரையிலிருந்து அதனை வெளியிட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்நூல் தனித்து முளைத்ததும் அன்று. 1966-இல் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் 'கருஞ்சிறுத்தைகள்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அப்பெயரைப் பின்பற்றி 1972-இல் பம்பாயில் 'தலித் சிறுத்தைகள்' எழுந்தனர். அவ்வெழுச்சியை ஒட்டி மராத்தியில் தலித் தன்வரலாறுகள் பெருகின. 1991-இல் வந்த அம்பேத்கர் நூற்றாண்டு தமிழ்நாட்டிலும் தலித் இலக்கியம் குறித்த விவாதங்களுக்கு ஊக்கம் தந்தது. அமெரிக்க வரலாற்றை நாம் மேலே நினைவுகூர்ந்தது வெறும் உவமைக்காக அன்று. அங்கே எழுந்த அலை உண்மையாகவே நம் கரிசல் காட்டை வந்தடைந்திருக்கிறது.

திருச்சபையின் இதழ்களில் 'கருக்கைப்' பேசலாமா என்று தயங்குவோர் உண்டு. துறவற மடங்களின் வசதியான வாழ்வையும், பங்குகளில் நிலவிய சாதி வேற்றுமையையும் அந்நூல் ஒளிவுமறைவின்றிக் கண்டிக்கிறது என்பதே அத்தயக்கத்துக்குக் காரணம். இங்கு நாம் டக்ளஸை மீண்டும் நினைவுகூர வேண்டும். அடிமைகளை வைத்திருந்தவர்களின் பக்தியைத் தம் நூலில் கடுமையாகச் சாடிய அவர், அதன் இறுதியில் ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார். கிறிஸ்துவின் சமயத்தைத் தாம் வெறுக்கவில்லை என்றும், அடிமை முறைக்குத் துணைநின்ற சமயத்தையே வெறுப்பதாகவும் அதில் தெளிவுபடுத்தினார். பாமாவின் சினமும் அவ்வகையினதே. நற்செய்தியை நம்பியவருக்கே அது மீறப்படும்போது அவ்வளவு வலி உண்டாகும். பனைமட்டையின் இருபுறமும் உள்ள கருக்கினைப் பெயராகச் சூடிய அந்நூலின் முன்னுரை, எபிரேயருக்கு எழுதப்பெற்ற திருமுகத்தின் இருமுனை வாளையும் நமக்கு நினைவூட்டுகிறது.

கலை என்னும் நோக்கிலும் 'கருக்கு' ஆராயத்தக்கது. பிறப்பு முதல் வரிசையாகச் செல்லாமல், ஒரே வாழ்க்கையை ஒவ்வோர் இயலிலும் வேறொரு கோணத்திலிருந்து அது திரும்பிப் பார்க்கிறது. பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு சிறுமி சிரிக்கிறாள். அதன் காரணத்தை அண்ணன் சொன்ன பிறகு அச்சிரிப்பு நின்றுவிடுகிறது. தீண்டாமையைப் பற்றி நூறு சொற்பொழிவுகள் செய்யமுடியாததை இச்சிறு காட்சி செய்துவிடுகிறது. துறவற வாழ்வைப் பற்றிய பகுதிகளிலோ காட்சிகள் குறைந்து கருத்துரைகள் மிகுந்துவிடுகின்றன. அங்கு நாம் காண்பதினும் கேட்பதே அதிகம். இக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. மரியாதையோடு படிக்கப்படும் நூலுக்கே குறையும் சொல்லப்படும்.

நமக்கு நேரடியாக உரிய பக்கங்கள் அவருடைய அடுத்த நூலான 'சங்கதி'யில் உள்ளன. 1994-இல் வெளிவந்த அந்நூலில், தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குச் செல்லும் மைக்கண்ணி என்னும் சிறுமி வருகிறாள். தாய்க்குத் துணையாய் வீட்டையும் குழந்தைகளையும் கவனித்து, ஆலைக்கும் சென்று உழைக்கும் அச்சிறுமியைப் படிக்கும்போது, நம் ஊரின் முதிய பெண்கள் பலர் தம் குழந்தைப் பருவத்தை அடையாளம் கண்டுகொள்வர்.

இவ்வழி அத்துடன் நிற்கவில்லை. பாமாவின் அண்ணனும் திறனாய்வாளருமான ராஜ் கௌதமன் 2002-இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார். தங்கை சினந்து எழுதியதை அண்ணன் தம்மையும் எள்ளி நகையாடியபடியே எழுதினார். 2024-இல் அவர் மறைந்தார். ஜோ டி குருஸ் 2004-இல் 'ஆழி சூழ் உலகு' வழியாகக் கடற்கரைக் கத்தோலிக்கரின் வாழ்வைப் பெருநாவலாக்கினார். இவை யாவும் நம் இலக்கியமே. விழா மலர்க் கட்டுரைகள்தாம் இவற்றை இன்னும் கண்டுகொள்ளவில்லை.

தச்சரின் காப்பியமும் தொழிலாளரின் சொல்லும்

'தேம்பாவணி'யின் தலைவர் யார் என்பதை எண்ணிப் பார்ப்போம். அவர் மன்னர் அல்லர். நாசரேத்தூர்த் தச்சரான புனித சூசையப்பர். வீரமாமுனிவர் அவருக்கு வளன் என்று பெயரிட்டுப் பாடினார். கைத்தொழில் செய்து பிழைத்த ஒருவரைக் காப்பியத் தலைவராக்கிய அப்பெருந்துணிவைப் போற்றும் நாம், தொழில் செய்து பிழைப்போர் தம் வாயால் தம் கதையைச் சொல்ல வரும்போது முகம் திருப்பினால், 'தேம்பாவணி'யை நாம் படித்ததாகச் சொல்லலாமா? 'கருக்கைப்' படித்த கண்ணோடு 'தேம்பாவணி'யை மீண்டும் படித்தால், அக்காப்பியமே நமக்குப் புதிதாகத் தோன்றக்கூடும். வரலாற்றை முதலிலிருந்து மீண்டும் படிப்பது என்று நாம் சொன்னது இதனைத்தான்.

1992-இல் பாமா எழுதியது மிகையென்று அன்று சிலர் எண்ணினர். 2016-இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு, அதனைக் களைய வேண்டும் என்று வலியுறுத்தியது. ஓர் எழுத்தாளர் கண்ட உண்மையை ஆவணம் ஏற்க 24 ஆண்டுகள் ஆயின. இலக்கியத்தை உரிய காலத்தில் படித்திருந்தால் இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிரா.

எழுதப்படாமல் நிற்கும் பக்கமும் ஒன்று உண்டு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்திலும் பட்டாசு ஆலைகள் வெடித்து, நம் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் பல சிதறின. நாளிதழ்கள் இறந்தோரின் எண்ணிக்கையை வெளியிட்டன. இழப்பீட்டுத் தொகையை வெளியிட்டன. மறுவாரமே அதே வேலைக்கு மீண்டும் கிளம்பிய ஒரு தாயின் மனத்தில் என்ன இருந்தது என்பதை எந்நாளிதழும் வெளியிட இயலாது. அதனைச் சொல்ல இலக்கியம் வேண்டும். அது ஒருவேளை நம் மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுமியிடமிருந்து வரலாம். அவள் எழுதும் மொழி நமக்கு உவப்பாக இல்லாமற் போகலாம். அவள் நம்மையும் குற்றம் சாட்டலாம்.

அடுத்த விழா மலருக்குக் கட்டுரை எழுதும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். தம்பிரான் வணக்கத்தில் தொடங்குங்கள். வீரமாமுனிவரையும் வேதநாயகரையும் மனமாரப் போற்றுங்கள். ஆனால் 1879-இல் நிறுத்திவிடாதீர்கள். 1992-க்கும் வாருங்கள். அதன்பின் ஒரு பக்கத்தை வெற்றிடமாக விட்டு வையுங்கள். அது தாயில்பட்டிச் சிறுமிக்கு உரியது.