உயிரணுவும் கடவுளுக்கான சான்றும்

காரைக்குடியை அடுத்த கோவிலூர் மடாலயத்தில், முத்துராமலிங்க ஆண்டவர் காலம் தொட்டு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தமிழில் வேதாந்தப் பாடம் சொல்லப்படுகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில், ஊரார் ‘சிக்ரி’ என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. 1953 ஜனவரியில் அதைத் திறந்துவைத்தவர், வேதாந்தத்தை உலகுக்கு எடுத்துச் சொன்ன இராதாகிருஷ்ணன். மடமும் ஆய்வகமும் அக்கம்பக்கமாக இருக்கும் இந்த மண்ணில் நிதானமாக எடைபோட வேண்டிய வாதம் ஒன்று உண்டு. ஒரு செல்லுக்குள் இத்தனை நுட்பம் தானாக வந்துவிடுமா, படைத்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டுமல்லவா என்பதே அது. கோயில் சொற்பொழிவு, தேவாலயப் பிரசங்கம், மார்க்க விளக்கக் கூட்டம், கைபேசிக்கு வரும் காணொளி என எங்கும் அது ஒலிக்கிறது.

வாதத்தின் பலம் அது சுட்டிக்காட்டும் பொருளிலேயே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கும் ஏடிபி சிந்தேஸ் என்ற புரத இயந்திரத்தைப் பாருங்கள். சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்கள் குவிகின்றன. அவை இந்த இயந்திரத்தின் வழியாக மறுபக்கம் பாயும்போது அதன் அச்சு சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் மூன்று உருவாகின்றன. விநாடிக்கு நூறு சுற்றுக்கு மேலும் ஓடக்கூடிய இதன் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. இது ஏடிபியை உருவாக்கும் விதத்தை விளக்கிய பால் பாயரும் ஜான் வாக்கரும் 1997இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நாம் உண்ணும் சோறும் விடும் மூச்சும் பெரும்பாலும் இந்த அச்சைச் சுழற்றத்தான் பயன்படுகின்றன. இதைக் கண்டு வியக்காதவர் செல்லைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்த வியப்பிலிருந்து கேள்வி பிறப்பதும் நியாயமே. குடம் இருந்தால் குயவன் இருந்தாக வேண்டும் என்ற வாதத்தை இந்தியத் தருக்க மரபு நெடுங்காலம் தீட்டிவந்தது. பத்தாம் நூற்றாண்டில் உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியில் அதை முழு வலிமையோடு முன்வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு முதல்வன் உண்டு என்று நிறுவுகிறார். இங்கிலாந்தில் வில்லியம் பேலி கடிகாரத்தை முன்வைத்து இதே திசையில் எழுதியது 1802இல்தான்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 1996இல் வாதத்துக்குப் புது வடிவம் கொடுத்தார். ஒரு பாகத்தை எடுத்தாலும் நின்றுபோகும் இயந்திரம் படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்றார் அவர். கேட்கும்போது அசைக்க முடியாததாகத் தோன்றும் இந்தக் கூற்றை நேரடியாகச் சோதிக்க முடிந்தது. ஏடிபி சிந்தேஸின் உறவுக்கார இயந்திரம் ஒன்று ஈஸ்ட்டில் இருக்கிறது. அதன் வளையத்தில் மூன்று வகைப் புரதங்கள். ஒன்று குறைந்தாலும் இயந்திரம் ஓடாது. மற்ற பல உயிரினங்களிலோ இரண்டு வகைதான். ஆய்வாளர் ஜோ தார்ன்டனின் குழுவினர் மரபணுக்களை ஒப்பிட்டு, அழிந்துபோன மூதாதைப் புரதத்தைக் கணித்து, அதையே மீண்டும் உருவாக்கி ஈஸ்ட்டில் வைத்தார்கள். இன்று இரண்டு புரதங்கள் செய்யும் வேலையை அந்த ஒன்றே செய்தது. பழைய மரபணு இரண்டு நகல்களானது. ஒவ்வொரு நகலும் தன் பழைய திறனில் ஒரு பகுதியை இழந்தது. அதன் பிறகு இரண்டும் இல்லாமல் முடியாது என்றானது. 2012இல் வெளியான இந்த ஆய்வு, இன்று தவிர்க்க முடியாத பாகம் தொடக்கத்திலிருந்தே தவிர்க்க முடியாததாக இருந்திருக்க வேண்டியதில்லை என்று காட்டியது.

இன்னொரு சான்று சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் பங்கேற்ற ஆய்விலிருந்து வருகிறது. ரைபோசோமின் அமைப்பைத் துலக்கியதற்காக 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் இருவரோடு அவரும் நோபல் பெற்றார். புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் மையத்தில், இணைப்பு வேலையைச் செய்வது புரதம் அல்ல, ஆர்என்ஏ. புரதங்கள் வருவதற்கு முன்பே ஆர்என்ஏ இந்த வேலைகளைச் செய்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுவான ஆதாரம். செல்லின் நுட்பத்துக்குள்ளேயே அதன் வரலாறும் பொதிந்திருக்கிறது.

முதல் செல் எப்படி வந்தது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. படைப்பு வாதத்தினர் இதைச் சுட்டுவது சரிதான். ஆனால் விடை கிடைக்காத இடத்தில் கடவுளை நிறுத்தினால், விடை கிடைக்கும் ஒவ்வொரு முறையும் அவர் நகர வேண்டியிருக்கும். பக்தியுள்ளவர்தான் இதற்கு முதலில் கவலைப்பட வேண்டும்.

பக்தியாளர் ஒருவரே இந்த வாதத்தை மறுத்தும் இருக்கிறார்; அவர் இராமானுசர். ஸ்ரீபாஷ்யத்தில் அவர் அனுமானத்தால் இறைவனை நிறுவும் வாதத்தைக் கிழித்துக் காட்டுகிறார். குடத்தையும் மாளிகையையும் செய்தவர்கள் உடலுள்ளவர்கள், அறிவில் குறையுள்ளவர்கள், பலர்; அந்த உவமையைக் கொண்டு எல்லாம் அறிந்த ஒருவனை எப்படிப் பெறுவது? உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டது என்பதற்கு என்ன சான்று? தத்துவவாதி டேவிட் ஹியூமின் ‘உரையாடல்கள்’ நூல் 1779இல் எழுப்பிய ஐயங்களை, திருமாலுக்கே வாழ்வை அளித்த ஓர் ஆசாரியர் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பிவிட்டார். இறைவனை அறியும் வழி சாத்திரமே என்பது அவர் முடிவு. சங்கரரும் சாங்கியரை மறுக்க மாளிகை உவமையைக் கையாண்டார். ஆயினும் பிரம்மத்தை அனுமானத்தில் நிலைநாட்ட அவர் சம்மதிக்கவில்லை.

கோவிலூர் மரபில் முதன்மையாகப் பயிலப்படும் கைவல்ய நவநீதமும் இந்த வழியில் வந்ததே. படைப்பை முதலில் ஆரோபமாக, அதாவது பிரம்மத்தின்மேல் ஏற்றிச் சொல்வதாக விரித்து, பிறகு அந்த ஏற்றத்தை மறுக்கும் அபவாதத்தால் விலக்கி, மாணவனை அவன் சொரூபத்தை நோக்கித் திருப்பும் நூல் அது. சந்தேகம் தெளிதல் படலம் என்றே அதில் ஒரு பகுதி உண்டு. அங்கே படைப்பு பற்றிய பேச்சு ஒரு படிக்கட்டு. அதன்மேல் இறைவனின் இருப்பைக் கட்டவில்லை. ஆகவே செல்லின் வரலாறு எவ்வளவு துலங்கினாலும் அந்தப் பாடத்தில் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை.

செல்லின் நுட்பத்தைப் பேசும் பழக்கம் தொடர வேண்டும். அதைச் சான்றாக நீட்டும் பழக்கத்தைத்தான் கைவிட வேண்டும். ரைபோசோமைப் படம் போட்டுக் காட்டும் பேச்சாளர், அதன் மையத்தில் இருக்கும் ஆர்என்ஏ எதைச் சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பரிணாமம் நடத்தும் ஆசிரியர், இதனால் கடவுள் இல்லை என்று ஆகிவிட்டது எனத் தாவ வேண்டாம்; ஈஸ்ட் சோதனை அதை நிறுவவில்லை. இதையெல்லாம் படைத்தது யார் என்று கேட்கும் பிள்ளைக்கு, அறிவியல் கண்டது எதுவரை, மரபு சொல்வது எது என இரண்டையும் தனித்தனியே காட்டும் பொறுப்பு இவர்கள் இருவருக்கும் உண்டு.