ஆடத் தெரிந்த இன்ஜின்

பழைய காரைப் பார்க்க வருகிறவர்கள் பெயிண்டைத் தடவுவார்கள், குரோமியத்தில் முகம் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் பானெட்டைத் திறக்கச் சொல்லி கார்புரேட்டரை விசாரிப்பார்கள். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடக்கும் ரப்பர் கட்டியை யாரும் கேட்பதில்லை. மெக்கானிக்குகள் ‘மவுண்டிங்’ என்பது அதைத்தான். ஒரு காரின் தரத்தை நான் முதலில் அங்கேதான் தேடுவேன்.

நல்ல இன்ஜின் அசையாமல் நிற்கும் என்பது பலருடைய எண்ணம். அப்படி இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வந்தாலும் கணக்கு முழுசாக நேராவதில்லை. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு உதறல் மிச்சம் நிற்கும். போதாததற்கு, ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை ஒரு பக்கம் தள்ள, இன்ஜின் உடம்பு மறுபக்கம் புரளப் பார்க்கும். இதை இரும்போடு இரும்பாக முடுக்கிவைத்த காலத்தில் அத்தனை நடுக்கமும் ஓட்டுகிறவரின் பல்லுக்குத்தான் வந்து சேர்ந்தது.

1931-ல் வந்த பிளைமவுத் பி.ஏ. காரில் கிரைஸ்லர் பொறியாளர்கள் இதை அழகாகத் தீர்த்தார்கள். இன்ஜின் தானாகப் புரள விரும்பும் அச்சு எது என்று பார்த்து, முன்னால் உயரத்திலும் பின்னால் தாழ்விலும் ரப்பர் கொடுத்து, அந்த அச்சிலேயே அதை ஆடவிட்டார்கள். ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று பெயர் வைத்தார்கள். பிரான்சில் சிட்ரோயன் அதற்கு உரிமை வாங்கி, நீந்தும் அன்னப்பறவையைத் தன் சின்னத்தோடு சேர்த்துக்கொண்டது. கார் விளம்பரங்களில் உண்மைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த சின்னம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

ரப்பரின் குணம் தெரிந்தால் இந்த வேலை இன்னும் ருசிக்கும். நேராக நசுக்கினால் அது விறைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் இழுத்தால் இளகிக் கொடுக்கும். எடையைத் தாங்க விறைப்பு, நடுக்கத்தை விழுங்க இளக்கம். ஒரே கட்டியிடம் இரண்டு வேலையும் வாங்குவதுதான் வடிவமைத்தவரின் சாமர்த்தியம்.

இதையெல்லாம் வீட்டு வாசலில் கண்ணால் பார்க்க ஸ்டாண்டர்டு ஹெரால்டை விட வசதியான வண்டி இல்லை. 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு, இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உருவம். அதையே 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரித்தது. 948 சிசி இன்ஜின். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். முன்சக்கர டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். தனி சேசிஸ் என்பதால் இன்ஜின் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

மவுண்டிங் போனதை வண்டியே சொல்லும். ஐட்லிங்கில் கியர் லீவர் கிடுகிடுக்கும். முதல் கியரில் கிளட்சை விடும்போது வண்டி உதறிக்கொண்டு கிளம்பும்; கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்லி அதை மாற்றிவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. சாவியை அணைத்ததும் ‘டொக்’கென்று ஓர் அடி கேட்கும். சந்தேகமிருந்தால் வண்டிக்கு முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சைப் பாதி மட்டும் விடச் சொல்லிப் பக்கத்திலிருந்து பாருங்கள். இழுவை வரும்போது இன்ஜினின் இடதுபக்கம் மேலே எழும். லேசாக எழுந்து அடங்கினால் சரி. தூக்கிப் போட்டால், ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்திருக்கிறது. பெரும்பாலும் எண்ணெய்தான் எமன். ராக்கர் கவர் கேஸ்கெட் கசிந்து சொட்டச் சொட்ட ரப்பர் ஊதி, கூழாகி, பிடிப்பை இழக்கும். கசிவை நிறுத்தாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கழற்றும் வேலை பெரிதல்ல. முதல் நாள் இரவே நட்டுகளில் துருவிளக்கும் எண்ணெய் விட்டுவைக்க வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஆயில் சேம்பருக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஜாக்கியை ஏற்ற வேண்டும். பலகை இல்லாமல் ஏற்றினால் சேம்பர் தகடு உள்வாங்கும். எடை ஜாக்கிக்கு வந்ததும் நட்டைக் கழற்றி, கட்டி வெளியே வரும் அளவுக்கு மட்டும் இன்ஜினைத் தூக்க வேண்டும். ஃபேன் ரேடியேட்டரில் உரசுகிறதா, ரேடியேட்டர் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். இடுக்கில் விரலை விடவே கூடாது. பழைய கட்டியைப் புதியதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இத்தனை வருஷம் இன்ஜின் எவ்வளவு தாழ்ந்து கிடந்தது என்று தெரியும்.

கைத்திறன் தெரிவது மாட்டும்போதுதான். அவசரக்காரர் ஒரு பக்கத்தை முழுசாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போவார். அந்தப் பக்கத் துளை பொருந்தாது. கடப்பாறையால் நெம்பிப் பொருத்தினால் புது ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு கிடக்கும். நல்ல கை எல்லா நட்டையும் விரலால் மட்டும் ஏற்றும். ஜாக்கியை மெல்ல இறக்கும். இன்ஜினை இரண்டு கையாலும் பிடித்து லேசாக அசைத்து, தன் இடத்தில் தானே அமரவிடும். முடுக்குவது அதற்கப்புறம்தான். பிறகு செல்ஃப் அடித்தால் இன்ஜின் ஒருமுறை தோளைக் குலுக்கிவிட்டு நிற்கும். ஐட்லிங்கில் அது ஆடும், ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியாது. இந்தக் காட்சிக்காகவே இந்த வேலையை நான் கூலிக்கு விடுவதில்லை.

பாலியூரித்தேன் கட்டி நீடித்து உழைக்கும் என்று சிலர் போடுகிறார்கள். பந்தயத்துக்குச் சரி. ஹெரால்டு போன்ற சாதுவான வண்டிக்கு அது தண்டனை. நடுக்கம் முழுவதும் உள்ளே வரும். பழைய இருப்பில் பெட்டி பிரிக்காத மவுண்டிங் கிடைத்ததென்று குதிக்கவும் வேண்டாம். ரப்பர் அலமாரியிலும் கிழடாகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியாமல் கல்லாக இருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போது இடம் வலம் இரண்டையும், கியர் பாக்ஸுக்கு அடியில் இருப்பதையும் சேர்த்தே வாங்குங்கள்.