ஒரே பட்டியலில் இரு புதிர்கள்

விளங்காத ஒலிகளையும் விளங்காத வானொலிச் சைகைகளையும் ஒன்றாக அடுக்கி, ‘விஞ்ஞானமே திகைக்கிறது’ என்று முடிக்கும் கட்டுரைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

1997-இல் பசிபிக் கடலடி ஒலிவாங்கிகளில் பதிவான ‘புளூப்’ ஒலியைப் பாருங்கள். சுமார் 5,000 கி.மீ. தொலைவிலிருந்த கருவிகளும் அதைப் பிடித்தன. ராட்சத விலங்கின் குரல் என்றார்கள். நாம் கேட்பது 16 மடங்கு வேகமாக ஓட்டிய பதிவு என்பதை இக்கட்டுரைகள் சொல்வதில்லை! (உங்கள் பேச்சையே அப்படி ஓட்டிக் கேளுங்கள்.) பின்னர் அண்டார்க்டிகாவில் பனிப்பாறைகள் பிளக்கும் அதிர்வுகளுடன் ஒப்பிட்டார்கள், பொருந்திற்று.

‘வாவ்’ சைகை வேறு ரகம். 1977 ஆகஸ்டு 15-இல் ஒஹையோவின் ‘பிக் இயர்’ தொலைநோக்கியில், ஹைட்ரஜனுக்குரிய 1420 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில், 72 வினாடிகள் பதிவாயிற்று. அந்த 72 வினாடி சைகையின் ஆயுளன்று. பூமி சுழல்வதால் வானின் ஒரு புள்ளி ஆண்டெனாவின் பார்வையைக் கடக்கும் நேரம். வானிலிருந்து வந்தது என்று கருத அதுவே காரணம். ஆனால் அங்கிருந்த இரு கொம்பு ஏற்பிகளில் ஒன்றில்தான் அது தெரிந்தது. மீண்டும் தேடியும் கிட்டவில்லை. ஒரே முறை வந்ததை எதனுடன் ஒப்பிடுவது?

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியையும் சில சைகைகள் ஆண்டுக்கணக்கில் குழப்பின. அவை திரும்பத் திரும்ப வந்தன, அதுவும் பெரும்பாலும் அலுவலக நேரத்தில். 2015-இல் பிடிபட்டது: மைக்ரோவேவ் அடுப்பு நிற்குமுன் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்.