ஒரு கை கேழ்வரகு

முளைத்துவிட்டது!

காபிக்குப் பால் வைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனவள், திண்டில் இருந்த தட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நேற்றுக் காலை மூடியை எடுத்தபோது வெளுத்த மயிராய்க் கிடந்தவை, ஒரு பகல் வெளிச்சம் பட்டதும் பச்சை பிடித்துத் தலையைத் தூக்கிவிட்டன. ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். நான் தெளித்த தண்ணீர் இல்லை அது. ராத்திரி முழுக்க வேரால் குடித்து, மிஞ்சியதைப் புல்லே நுனியில் கசியவிட்டு வைத்திருக்கிறது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் எங்கள் ஜன்னல் கம்பி தலைகீழாகத் தெரிகிறது.

அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசம் வந்தது. உள்ளேயிருந்து மாமியார், "ஏளா, பாலைப் பாக்காம அங்கன என்ன செய்யுத?" என்றார்கள்.

"புல்லு வந்துட்டு அத்தை!"

அதற்கப்புறம் பாலைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இது எங்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்கான புல். ஒரு கை கேழ்வரகு, ஒரு சாப்பாட்டுத் தட்டு. வீட்டை அலங்கரிக்க இதைவிட லேசான, இதைவிட அழகான வேலை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்பப் போவதில்லை. டிசம்பர் 12 ராத்திரி ஊறப்போடுவேன். மறுநாள் வடித்து, தட்டில் விரல் கனத்துக்குத் தேங்காய் நார்த்தூளோ மண்ணோ பரப்பி, மேலே நெருக்கமாகத் தூவி, இன்னொரு தட்டைக் கவிழ்த்து இரண்டு நாள் மூடி வைப்பேன். பிறகு ஜன்னல் வெளிச்சம். கையை நனைத்து உதறினால் போதும். செம்பால் ஊற்றினால் பூசணம் பிடித்துவிடும். எறும்பு வருகிற வீடென்றால் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் தட்டை வைத்துவிடுங்கள். அவ்வளவுதான். மிச்ச வேலையை நாம் தூங்கும்போது அது பார்த்துக்கொள்ளும். ஆமாம், வறுத்த கேழ்வரகைப் போட்டுவிடாதீர்கள். அத்தை கூழுக்கு வறுத்து வைத்திருந்ததை ஒரு வருஷம் தூவிவிட்டு, ஐந்து நாள் காலையும் மாலையும் போய்ப் போய்ப் பார்த்தவள் நான்.

அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி போட்ட கைகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் வெளிச்சம் படாமல் வளர்த்து வெளிர்மஞ்சளாக எடுப்பார்கள். நாங்கள் பச்சைக்காக ஜன்னலில் வைக்கிறோம். எனக்கு ஈரப் பக்குவம் சொல்லிக்கொடுத்ததே முளைப்பாரி போடுகிற பக்கத்து வீட்டு அக்காதான். கோவாவிலும் குடிலுக்குக் கேழ்வரகு முளைக்கப் போடுகிறார்கள். குரோஷியாவில் கோதுமை, டிசம்பர் 13, புனித லூசியா திருநாள் அன்று. பிரான்சின் புரொவான்ஸ் பக்கம் இன்னும் முன்னால், டிசம்பர் 4, புனித பார்பரா நாளில், மூன்று சின்னத் தட்டுகளில். நான் குரோஷியாக்காரர்களின் தேதியை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு நாள், நம் கேழ்வரகுக்கு அளந்து வைத்த மாதிரி இருக்கிறது.

2022 வரைக்கும் எங்கள் வீட்டு டிசம்பரைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆறடிப் பிளாஸ்டிக் மரம். பதினோரு அட்டைப் பெட்டிகள். சிமெண்ட் சாக்குக் காகிதத்தைக் கசக்கி, கரியும் பச்சைச் சாயமும் பூசி, பெஞ்சின் மேல் பெஞ்சு போட்டுக் கட்டிய மலை. மலையிலிருந்து அருவி விழ வேண்டும் என்று மீன்தொட்டி மோட்டார் வேறு. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு பஞ்சைப் பிய்த்துப் பனி என்று ஒட்டியதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு வருஷம் 24ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு மோட்டார் குழாய் கழன்று, அருவி மலைக்குப் பின்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. பனியெல்லாம் கஞ்சியில் போட்ட துணி. பிள்ளைகளை அதட்டி, வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, தரையைத் துடைத்துவிட்டு நடுச்சாமப் பூசைக்குப் போனேன். பாலன் பிறந்த மணி அடித்ததும்தான் கண் விழித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். யாரென்றே தெரியாது அவர்களை.

பிறகு 2023 டிசம்பர் 17, 18. எங்கள் பக்கத்தில் அந்த மழையை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி ஏறி வந்துவிட்டது. வண்ணார்பேட்டையில் எங்கள் கீழ்வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி, கேஸ் சிலிண்டர், பிள்ளைகள் புத்தகம், அத்தையின் மாத்திரை டப்பா என்று கைக்கு வந்ததை மாடிக்குத் தூக்கினோம். பதினோரு பெட்டிகளை யார் நினைத்தார்கள்? தண்ணீர் வடிந்து சேற்றை வழித்துத் தள்ளும்போது பிளாஸ்டிக் மரம் கிடைத்தது, சாக்கடை வாசத்தோடு. மலையும் நட்சத்திரங்களும் கூழாகியிருந்தன.

மாடி ஜன்னலில் ஒரு தட்டு இருந்தது. எங்க ஆச்சி போடுவா என்று சொல்லி, மலையடிவாரத்தில் செருகுவதற்காக அத்தை அந்த வருஷம் கொஞ்சம் கேழ்வரகு தூவியிருந்தார்கள். கரண்ட் இல்லாத நாட்களில் அது இருப்பதையே மறந்துபோனோம். 22ஆம் தேதி பார்த்தால் மூன்று விரல் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. வீடு முழுக்கச் சேற்று நிறம். அந்த ஒரு தட்டு மட்டும் பச்சை. சொரூபங்கள் மாடி பீரோவில், பிஸ்கட் டின்னில் இருந்ததால் தப்பியிருந்தன. புல்லுக்கு நடுவே மாதாவையும் சூசையப்பரையும் நிறுத்தி, ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் உறைத்தது: அதுவரை எத்தனையோ குடில் கட்டியிருக்கிறேன், ஒன்றையும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் முழுக்க அந்தப் பிஸ்கட் டின்னுக்குள் அடங்குகிறது. டின்னில் அடங்காதது ஒன்று முளைக்க வேண்டும், இல்லை மரத்திலிருந்து ஒடித்ததாக இருக்க வேண்டும். மகள் போட்ட சட்டம் இது.

டின்னைத் திறக்கிற சுகமே தனி! மேலே மடித்த பழைய வேட்டித் துணி, அதற்குள் ஆட்கள். மாதாவும் சூசையப்பரும் என் ஆச்சி வீட்டுச் சொரூபங்கள், சாயம் போய்ச் சாந்தமாகிவிட்டவை. பாலன் வேறு செட். சூசையப்பரின் பாதி உயரம் இருக்கிறார். பிறந்த பிள்ளைக்கு அவ்வளவு வளர்த்தி ஆகாதுதான், ஆனாலும் என்ன சிரிப்பு அந்த முகத்தில். கழுதைக்கு ஒரு காது கிடையாது. லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டிதான் உண்டு, மாடும் கழுதையும் கிடையாது என்று மறைக்கல்வி டீச்சர் ஒருமுறை சொன்னார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். புனித அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரெச்சோ மலைக்கிராமத்தில் குடில் அமைத்தபோது ஒரு தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை, இவ்வளவையும் வைத்துத்தான் பூசை நடந்தது. குடில் வழக்கம் ஊர் ஊராகப் பரவியதற்கு வேர் அங்கேதான். அவரிடம் மோட்டார் இல்லை, பஞ்சும் இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் ஒற்றைக் காதுக் கழுதைக்கு வீட்டில் மரியாதை கூடிவிட்டது.

வாசலுக்கு ஒரு ஸ்டார் வேண்டும், அது இல்லாமல் முடியாது. கடையில் ஒரே ஒரு பேப்பர் ஸ்டார் வாங்கி, உள்ளே சின்ன எல்.ஈ.டி. பல்பு. என் சின்ன வயதில் ஜீரோ வாட் பல்புதான். பேர்தான் ஜீரோ, பதினைந்து வாட் வரைக்கும் இழுக்கும். அது இல்லாத வருஷம் அப்பா நாற்பது வாட் பல்பைப் போட்டு ஸ்டாரின் ஒரு காலைப் பொசுக்கிவிட்டார். பொசுங்கிய காலைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டு, தெருவிலிருந்து பார்த்தால் தெரியவில்லை என்று சாதித்தார்.

வீட்டுக்குள் தொங்குகிற நட்சத்திரங்கள் விளக்குமாற்றுக் குச்சியில் செய்தவை. இதை நீங்கள் செய்து பார்த்தே ஆக வேண்டும். பென்சிலைத் தூக்காமல் ஒரே இழுப்பில் நட்சத்திரம் போடுவோமே, அதே கோடுகள்தான். ஒரே நீளத்தில் ஐந்து ஈர்க்கு. ஒன்று மேலே போனால் அடுத்தது கீழே என்று பின்னிக்கொண்டு வந்து, ஐந்தாவதை நுழைக்கும்போது கைக்குள் ஒரு சின்ன இறுக்கம் தெரியும். பசை இல்லாமல் ஐந்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்! முனைகளில் சிவப்பு நூலை இரண்டு சுற்றுச் சுற்றினால் வேலை முடிந்தது. முதல் தடவை அது நின்றபோது நானும் மகளும் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. இரண்டு செய்து முனையோடு முனை கட்டி, நடுவில் ஐந்து துண்டுக் குச்சி கொடுத்து உப்ப வைத்தால், கடை ஸ்டாரின் எலும்புக்கூடே அதுதான். நாங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஏழு செய்தோம், கை வலித்தது, நிறுத்திவிட்டோம். ஏழும் ஜன்னலில் ஆடுகின்றன.

மரத்துக்குச் சவுக்குக் கொப்பு. பழைய பெயிண்ட் வாளியில் ஈர மணலை அடைத்து ஊன்றிவிட்டால் ஒரு வாரம் தாங்கும். அதனால் 22ஆம் தேதிக்கு முன்னால் ஒடிப்பதில்லை. சவுக்குக்கும் பைனுக்கும் சொந்தம் கிடையாது. ஊசி மாதிரி இருப்பது இலையே இல்லை, கணுக்கணுவான மெல்லிய கொம்பு. கணுவில் இழுத்தால் டிக்கென்று கழன்று வரும், திரும்பச் செருகினால் நின்றுகொள்ளும். எங்கே கழற்றி ஒட்டியது என்று கண்டுபிடி பார்ப்போம் என்று பள்ளிக்கூடத்தில் விளையாடியிருக்கிறோம். நாற்பத்தாறு வயதில் மறுபடி விளையாடுகிறேன். மரத்தில் தொங்குவது பனையோலைக் கிலுகிலுப்பை நான்கு, மணப்பாட்டுக்குப் போனபோது வாங்கியது. காற்றடித்தால் மரமே சத்தம் போடும். சீரியல் செட் கிடையாது. கார்த்திகைக்கு வாங்கிய அகல்களில் மிஞ்சியதைக் கழுவி, 24ஆம் தேதி மட்டும் வாசலில் ஏற்றுவோம். சாயம் இல்லாத கோலம் ஒன்று, நேரம் இருந்தால்.

போன வருஷம் கேரல் பாட வந்த பிள்ளைகளில் ஒருத்தன் கேக்கை வாங்கிக்கொண்டு நகரவே இல்லை. மெதுவாகத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து, பூனையைத் தடவுகிற மாதிரி உள்ளங்கையால் புல்லைத் தடவினான். "நெசப் புல்லா ஆன்ட்டி?" என்றான். பாட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அவன் இன்னொரு தடவை தடவிவிட்டு ஓடினான். ஆறடி மரத்தை ஒரு பிள்ளையும் அப்படித் தொட்டதில்லை.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 24ஆம் தேதி நடுச்சாமம் வரைக்கும் புல்லுக்கு நடுவே ஒரு வெற்றிடம். பூசை முடிந்து வந்து பாலனை அங்கே கிடத்துவது அத்தை. ராஜாக்கள் அன்றைக்கு வரமாட்டார்கள். அவர்கள் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குத்தானே வர வேண்டும்? அதனால் 25ஆம் தேதி அடுக்களையில் பிரிட்ஜ் மேல் புறப்படுகிறார்கள். தினம் கொஞ்ச தூரம். அரிசி டின், மிக்ஸி, டி.வி. ஸ்டாண்டு, தையல் மிஷின். ராத்திரி யார் நகர்த்துகிறார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. காலையில் எழுந்ததும் வீட்டுக்காரர் முதல் கேள்வியாக, "ராஜாக்க எங்க வந்திருக்காவ?" என்பார். பதின்மூன்று நாள் ஓடுகிற இந்த அலங்காரத்துக்குச் செலவு பைசா இல்லை. ஒரு நாள் இட்லிக்கொப்பரைக்குள் இருந்தார்கள். நல்லவேளை, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் திறந்தேன். எங்களிடம் இருப்பது இரண்டு ராஜாக்கள்தான். மூன்றாமவர் அட்டைப்பெட்டிக் காலத்திலேயே கை தவறி உடைந்துபோனார். மத்தேயு தன் நற்செய்தியில் எண்ணிக்கை எதுவும் எழுதி வைக்கவில்லை, அதனால் இரண்டு பேர் வந்தாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

போன ஜனவரி 6 சாயங்காலம் இரண்டு பேரும் தட்டை வந்து சேர்ந்தபோது புல் ஒரு சாண் வளர்ந்து, பாதி மடிந்து, கழுதையை முழுதாக மூடியிருந்தது. ஒதுக்கிப் பார்த்துத்தான் எடுத்தோம். சொரூபங்களை வேட்டித் துணியில் சுற்றி டின்னில் வைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. புல்லை வேரோடு பாய் மாதிரி உரித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு அக்காவின் ஆட்டுக்கு நீட்டினேன். இரண்டு வாயில் காலி. தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அன்று ராத்திரி அதில்தான் தோசை சாப்பிட்டேன்.