தோல் இருக்கையும் 40 நிமிட எரிபொருளும்

1956இல் சந்தைக்கு வந்த செஸ்னா 172தான் உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம். 1970களில் பிறந்தவை அமெரிக்காவில் இன்னும் ஏராளமாகப் பறக்கின்றன. வெடித்த பிளாஸ்டிக்கையும் நைந்த துணியையும் கழற்றிவிட்டுத் தோல் இருக்கை, ஒலித்தடுப்பு ஃபோம், புதுக் கார்பெட் என்று மாற்றுவது உரிமையாளர்களிடையே பெருவழக்கு. இந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். மணிக்கணக்கில் எஞ்சின் இரைச்சலில் உட்கார்ந்திருக்கும் பைலட் களைத்துப்போகிறார். களைப்பு தரையிறக்கத்தில்தான் வெளிப்படும். தவிர, பழைய ஒலித்தடுப்புப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்து அலுமினியத் தகட்டை அரிக்க இடம் தரும். உட்புறத்தைப் பிரிக்கும்போதுதான் அந்த அரிப்பு கண்ணில் படுகிறது. தோலின் பளபளப்பைவிட இதையே பெரிய நன்மையாக நினைக்கிறேன்.

ஆனால் உள்ளே எதைப் பொருத்தினாலும் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை கூடுவதில்லை. 172என் ரகத்துக்கு அது 1043 கிலோ. வெற்று எடை 670 கிலோ என்று கொள்வோம். 40 கேலன் எரிபொருள் 109 கிலோ. மீதி 264 கிலோ. 80 கிலோ ஆட்கள் மூவர் ஏறினால் 24 கிலோ மிஞ்சும். சொகுசு 15 கிலோவைத் தின்றுவிட்டால் மிச்சம் 9. கூட ஒரு குழந்தையை ஏற்ற எரிபொருளைத்தான் குறைக்க வேண்டும். 15 கிலோ எரிபொருள் ஏறத்தாழ 40 நிமிடப் பறப்பு. பகலில், பார்வை விதிகளின்படி பறப்பவர் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்பதோ 30 நிமிடம்தான்.

எடை எங்கே சேர்கிறது என்பது அடுத்த கேள்வி. 172இன் ஈர்ப்பு மையம், முன்பக்கத்தில் அளவு தொடங்கும் குறிப்புக் கோட்டிலிருந்து 47.3 அங்குலத்தைத் தாண்டிப் பின்னால் போகக்கூடாது. முன்னிருக்கை சுமார் 37 அங்குலத்தில் இருப்பதால் அங்கே கூடும் எடை மையத்தை அதிகம் அசைக்காது. பின்னிருக்கை 73இல், பெட்டி வைக்கும் இடம் 95இல். அங்கே ஐஸ் நிரப்பிய 20 கிலோ குளிரூட்டிப் பெட்டியை வைத்தால், சுமையேற்றிய விமானத்தின் மையம் ஏறக்குறைய ஓர் அங்குலம் பின்வாங்கும். முன்னால் இருவர் மட்டும் போகும்போது இது கெடுதலே அல்ல. பின்னிருக்கையும் நிறைந்திருந்தால் கதை வேறு: வால் கனத்த விமானம் நிலைத்தன்மை இழக்கும், ஸ்டால் ஆனால் (இறக்கை தூக்குவிசையை இழந்தால்) மீள்வது கடினம். வி வடிவ வால் கொண்ட பீச்கிராஃப்ட் பொனான்ஸாவில் எரிபொருள் தீரத் தீர மையம் பின்னே நகரும். எல்லைக்குள் கிளம்பியது எல்லை தாண்டி இறங்கக்கூடும். அத்தகைய விமானத்தில் பின்பக்கச் சொகுசை நான் ஏற்கமாட்டேன்.

என் முக்கியமான ஆட்சேபம் கணக்கெழுதும் முறைமீதுதான். 5000 பவுண்டுக்கு உட்பட்ட வெற்று எடையுள்ள விமானத்தில் ஒரு பவுண்டு வரையிலான மாற்றத்தைப் புறக்கணிக்கலாம் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி. ஒரு பொருளுக்கு இது நியாயம். இன்று கார்பெட், அடுத்த ஆண்டு ஃபோம், பிறகு கதவு உறை என்று ஒவ்வொன்றாகப் புறக்கணித்தால், ஏட்டிலுள்ள எடையும் உண்மை எடையும் விலகிப்போகும். சொந்த உபயோக விமானத்தைக் குறித்த காலத்தில் தராசில் ஏற்றச் சொல்லும் பொது விதியும் அங்கே இல்லை. கழற்றியதையும் பொருத்தியதையும் தனித்தனியே நிறுத்து எழுதுவதும், வேலை முடிந்ததும் மூன்று சக்கரங்களையும் தராசில் ஏற்றுவதும் உள்ளலங்கார வேலையின் பகுதியாகவே இருக்க வேண்டும். தோலைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர். அந்த எடைக் கணக்கை நம்பிப் பறப்பவர், பிறகு விமானத்தை வாடகைக்கு எடுக்கும் வேறொருவர்.